பத்து சென்ட் புல்

எழுபதுகளில் மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்குப் பால் மாட்டோடுதான் வந்தது. விடியுமுன் கோனார் பசுவை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். கறப்பதற்கு முன் செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வாள் பாட்டி. கன்று செத்த மாடென்றால், வைக்கோல் திணித்த கன்றுத்தோலைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார். பசு அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். அந்தக் காலத்துப் பாலின் ருசியைப் பற்றிப் பேசாத மயிலாப்பூர்க்காரர் இல்லை. அந்த மாடு எதைத் தின்று பால் கொடுத்தது என்று பேசுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்ததில்லை. வேலைக்காலம் முழுவதும் கால்நடை மருத்துவராக இருந்தவள் என்பதால் எனக்கு அதுவே முதலில் கேட்கத் தோன்றுகிறது.

கோனாருக்கும் பாட்டிக்கும் நடக்கும் பேச்சில் பாதி புல்லைப் பற்றித்தான் இருக்கும். "ஐப்பசி மழை விட்டா புல்லு வந்துடும்மா, அப்பறம் பாருங்க பாலை" என்பார். மத்தியானத்துக்கு மேல் புல்லுக்காரம்மாக்கள் தலைச்சுமையோடு தெருவுக்குள் வருவார்கள். அடையாற்றுக் கரையோரம், இந்திரா நகரிலும் பெசன்ட் நகரிலும் இன்னும் வீடு எழும்பாத மனைகள், மாம்பலத்துப் பள்ளங்கள் என்று எங்கெங்கோ அறுத்த புல். அறுகும் கோரையும் கலந்த கட்டுக்கு ஒரு விலை, தண்ணீர்ப்புல் கட்டுக்கு வேறு விலை. கோனார் கட்டைப் பிரிக்காமலே நடுவில் கையை நுழைத்துப் பார்ப்பார். உள்ளே சூடு தட்டினால் அது நேற்று அறுத்த புல். "வேணாம்மா, எடுத்துக்கினு போ" என்று திருப்பிவிடுவார். பச்சைப் புல்லைக் குவித்து வைத்தால் அது மூச்சுவிட்டுச் சூடேறும், நொதிக்கும் என்பதை நான் பின்னால் கல்லூரியில் பாடமாகப் படித்தேன். அவருக்கு அது கையிலேயே இருந்தது.

இன்று தி. நகராக இருக்கும் இடம் நூறு ஆண்டுக்கு முன்பு ஏரி. மயிலாப்பூர், மாம்பலம் என்று நீண்டு கிடந்த அந்தப் பெரிய ஏரியை 1920களில் தூர்த்துத்தான் மனை போட்டார்கள். பனகல் பார்க்கும் பாண்டி பஜாரும் அதற்குப் பிறகு வந்தவை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னமும் இருக்கிறது, ஏரிதான் இல்லை. ஏரி போனதென்றால் நாம் தண்ணீர் போனதை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். தண்ணீர் வற்றுகிற மாதங்களில் ஏரியின் உள்வாய் முழுக்கப் புல் முளைக்கும். தை பிறந்ததிலிருந்து கோடை வரை ஊர் மாடுகளுக்கு அதுதான் மேய்ச்சல். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் இந்தப் பக்கத்தில், வெயில் ஏற ஏற வேறு எங்கும் பச்சை இருக்காது. ஏரியை மூடியபோது மாட்டின் கோடைக்காலச் சாப்பாட்டையும் சேர்த்து மூடிவிட்டோம்.

இதற்கெல்லாம் மாற்று தேடாமலும் இல்லை. வடசென்னையில் கொடுங்கையூரில் நகரத்துக் கழிவுநீரைப் பாய்ச்சித் தண்ணீர்ப்புல் வளர்த்தார்கள். தண்ணீர்ப்புல்லுக்கு எப்போதும் ஈரம் வேண்டும், தேங்கி நின்றாலும் சாகாது, தண்டைக் கிள்ளிச் சேற்றில் அமுக்கினாலே கணுவுக்குக் கணு வேர் விட்டுவிடும். அந்தப் புல் நகரத்து மாடுகளுக்குப் போயிற்று. சுத்திகரிக்காத கழிவுநீரில் வளர்ந்த புல்லோடு நாடாப்புழு முட்டையும் ஈயம் முதலான உலோகங்களும் மாட்டுக்குள் போகும் என்பதால் அதை நான் ஆதரித்துப் பேசமாட்டேன். ஆனால் நகரத்தில் மாடு இருந்தால் நகரமே அதற்குப் புல்லும் வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு நிர்வாகத்துக்கு இருந்தது. மாதவரத்தில் பால் பண்ணைக் காலனி அமைத்து நகரத்து மாடுகளை அங்கே கொண்டுபோக நினைத்ததும் அதே யோசனையில்தான். இன்று அந்த எண்ணத்தையே காணோம் என்பதுதான் என் வருத்தம்.

1903இல் தொடங்கிய வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நான் படித்தேன். கால்நடை மருத்துவத்துக்கென்று தனிப் பல்கலைக்கழகம் 1989இல் வந்தபோது படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். தீவனப் பயிர் பாடத்தில்தான் கம்பு நேப்பியர் என்ற ஒட்டுப்புல்லின் கதையை அறிந்தேன். நம் கம்பையும் ஆப்பிரிக்காவின் யானைப்புல்லையும் சேர்த்து இந்தியாவில் முதலில் ஒட்டுப்புல் உண்டாக்கியது கோயம்புத்தூரில், 1953இல். கம்பின் இனிப்பும் இலைச் செழிப்பும் ஒரு பக்கம், யானைப்புல்லின் முரட்டு விளைச்சல் மறுபக்கம். அது மலட்டு ஒட்டு, விதை பிடிக்காது. கரணையை வெட்டி வெட்டித்தான் நட்டுப் பெருக்க வேண்டும். அந்த வரிசையில் கோ 4 ரகம் 2008இலும் கோ 5 ரகம் 2012இலும் வெளிவந்தன. ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 380 முதல் 400 டன் வரை பசுந்தீவனம் தரும் ரகம் கோ 4. கோனார் கையை நுழைத்துப் பார்த்த அந்த அறுகங்கட்டு யுகத்தில் இப்படி ஒரு புல்லைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார். அன்று ஊரில் புல் இருந்தது, நல்ல ரகம் இல்லை. இன்று ரகம் இருக்கிறது, ஊரில் புல் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் காங்கேயம் பக்கம் இருந்தேன். மேய்ச்சல் காடு என்பதை உண்டாக்கவும் காப்பாற்றவும் தெரிந்த மக்களை அங்கேதான் பார்த்தேன். அவர்கள் அதைக் கொறங்காடு என்பார்கள். மழை குறைந்த, கல்லும் சுண்ணாம்பும் கலந்த மண். சுற்றிலும் கிளுவையில் உயிர்வேலி. நடுவே அங்கங்கே வெள்வேல மரம். கீழே கொழுக்கட்டைப்புல். மூன்றுக்கும் மூன்று வேலை. கிளுவை மாட்டை உள்ளே வைக்கும். வெள்வேலம் கோடையில் நிழலும் நெற்றும் கொடுக்கும். கொழுக்கட்டைப்புல் ஒரு தூறல் விழுந்தால் போதும், காய்ந்த தூரிலிருந்து தளிர்த்துவிடும். காங்கேயம் காளையின் திமிலுக்கும் கால் உறுதிக்கும் பின்னால் இந்தப் புல் இருக்கிறது.

அங்கே ஒரு பெரியவர் புதிதாகக் கொறங்காடு போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சென்ற வருஷத்து விதையைத்தான் எடுத்தார். கொழுக்கட்டைப்புல் விதைக்கு உறக்கம் உண்டு, பறித்தவுடன் போட்டால் முளைக்காது. பஞ்சுபோல் சுணையோடு இருக்கும் விதை காற்றில் பறந்துவிடும் என்று ஈரமணலோடு பிசைந்து விதைத்தார். மேலாக ஒரு முள்கட்டையை இழுத்துவிட்டார், அவ்வளவுதான். ஆழத்தில் விழுந்த விதை மேலே வராது. "எப்பங்க மாடு விடுவீங்க?" என்று கேட்டேன். "இந்த வருசம் கதவு தொறக்கமாட்டமுங்க அம்மணி. புல்லு பூத்து விதை கொட்டட்டும். மொத வருசம் வாயை வெச்சா தூரோட வந்துரும்" என்றார். ஒரு வருஷம் முழுக்கத் தன் மாட்டை வெளியே நிறுத்திக் காத்திருந்த அந்த மனிதரை நான் பெரிதாக மதிக்கிறேன். புல் போடுவதில் பாதி வேலை இந்தக் காத்திருப்புதான். புல் பூக்கும் பருவத்தில் மிச்சத்தை அறுத்து, நிழலும் வெயிலுமாக உலர்த்திப் போர் போட்டுவிடுவார்கள். பச்சை மாறாமல் உலர்ந்த அந்தப் புல்லின் வாசம் வைக்கோலுக்கு வராது. சத்திலும் வைக்கோல் அதற்கு இணையில்லை.

சென்னைக்குத் திரும்பி வந்த பிறகு வேறு காட்சிகள். நகரத்து மாட்டின் வயிற்றைத் திறந்து பார்த்தவர்களுக்கு அதை விவரிக்க வேண்டாம். 2019 அக்டோபரில் திருமுல்லைவாயிலிலிருந்து வந்த ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எங்கள் வேப்பேரிக் கல்லூரி மருத்துவர்கள் அறுவை செய்து எடுத்தார்கள். செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. படித்தவர்கள் பையை வீசுகிறவர்களைத் திட்டினார்கள், நியாயம்தான். ஆனால் முன்னால் புல் இருக்கும் மாடு குப்பைத்தொட்டிக்கு ஏன் போகிறது? சினிமா போஸ்டரில் ஒட்டிய மைதாப் பசைக்காகச் சுவரை நக்கும் மாட்டை நம் ஊரில் பார்க்காதவர் யார்? அதற்குப் பசி. நார்ச்சத்துக்காக அதன் வயிறு எதையாவது கேட்கிறது. காகிதமும் பையும் கிடைக்கின்றன.

அமாவாசையன்று கபாலீஸ்வரர் கோவிலைச் சுற்றிப் பாருங்கள். அகத்திக்கீரைக் கட்டுகளோடு விற்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்திலேயே மாடு. பித்ருக்களை நினைத்து ஒவ்வொருவரும் ஒரு கட்டு வாங்கிக் கொடுக்கிறார்கள், கூடவே வாழைப்பழம், சோறு, வெல்லம். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன், என் வீட்டிலும் கொடுத்திருக்கிறோம். அகத்தி அருமையான தீவனம், புரதம் நிறைந்தது. ஆனால் வெறும் வயிற்றில் ஒரே நாளில் கட்டுக் கட்டாக அதையும், மேலே சோற்றையும் பழத்தையும் திணித்தால் வயிறு உப்பும், அமிலம் ஏறும். மறுநாள் அந்த மாட்டுக்கு ஒன்றுமே கிடைக்காது. அமாவாசைக்கு மறுநாள் வயிறு உப்பிய மாட்டைப் பார்க்க எத்தனையோ முறை என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாதத்தில் மற்ற நாட்களில் அதே மாடு ஒரு கை புல்லுக்கு ஏங்கி நிற்கிறது.

சட்டம் தன் வேலையைச் செய்கிறது. நகர்ப்புறங்களில் மாடு வளர்ப்பதை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997இலேயே வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் அரும்பாக்கம் எம்.எம்.டி.ஏ. காலனியில் பள்ளிவிட்டு வந்த குழந்தையை மாடு முட்டித் தள்ளிய காட்சியைப் பார்த்து நாடே பதறியது. அதற்குப் பிறகு அபராதம் கூடியது, பிடிப்பதும் கூடியது. தெருவில் மாடு திரியக்கூடாது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அந்தக் குழந்தையின் தாய் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால் வேறெதுவும் சொல்ல வராது. ஆனால் கட்டிப்போடு என்று சொன்னால், கட்டிய இடத்தில் எதைப் போடுவது என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். கட்டுத்தறியில் நிற்கும் கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோ பசுந்தீவனம் தேவை. சென்னையில் மாடு வைத்திருப்பவர் பலருக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. வைக்கோல் செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்திலிருந்து லாரியில் வருகிறது. அறுவடை இயந்திரம் நசுக்கிப் போட்டதை இன்னொரு இயந்திரம் உருட்டிக் கட்டுகிறது. மழையில் நனைந்த வயலில் உருட்டிய கட்டென்றால் உள்ளே பூஞ்சை.

கோனாரின் மகன் இன்றும் மயிலாப்பூரில் ஒரு சந்தில் மாடு வைத்திருக்கிறார். அவர் மாமனார் வழியில் திருப்போரூர் பக்கம் அரை ஏக்கர் நிலம் சும்மா கிடந்தது. அதை வளைத்துப்போட வந்தவர்களுக்கு விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். "தம்பி, புல்லு போடு" என்றேன். "புல்லு போடறதா? அது தானா மொளைக்கறதுதானேக்கா" என்றார். தானாக முளைத்த புல்லை வைத்துத்தான் அவர் அப்பா காலம் ஓடியது. இனி அது நடக்காது. நெல்லுக்கும் கரும்புக்கும் செய்வதையெல்லாம் புல்லுக்கும் செய்தாக வேண்டும்.

ஆனியில் உழுதோம். ஏக்கருக்குப் பத்து டன் தொழு உரம் என்று கணக்கு, அவரிடம் சாணத்துக்குப் பஞ்சமில்லை. சந்தில் இத்தனை நாள் அக்கம்பக்கத்தாரின் சண்டைக்குக் காரணமாக இருந்த சாணம் அது. இரண்டடிக்கு ஒரு பார் பிடித்தோம். ஆடி பிறந்ததும் நடவு. நாள் பார்த்து அதை நான் சொல்லவில்லை. ஐப்பசி அடைமழையில் புதுக்கரணைக்குத் தண்ணீர் கட்டினால் அழுகிவிடும். ஆடியில் நட்டால் அதற்குள் தூர் பிடித்துவிடும்.

கரணை வெட்டுவதைக் கவனமாகச் செய்ய வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறையாத தண்டு, அதில் நடுப்பகுதி. நுனி இளசு, காய்ந்துபோகும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கணு. ஒரு கணு மண்ணுக்குள், ஒரு கணு வெளியே, பாரின் சரிவில் சாய்த்துச் செருக வேண்டும். மொட்டு மேல்நோக்கி இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து நட்டார் அவர் மனைவி. கரணைக்குக் கரணை ஒன்றரை அடிக்குச் சற்று மேல். ஒரு சென்ட்டுக்கு ஏறத்தாழ 135 கரணை பிடிக்கிறது. நட்டவுடன் தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். இருபதாம் நாள் களை. இந்தக் களையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். புல்லுக்குள் என்ன களை என்று அவரும் கேட்டார். கரணை தூர்கட்டுவதற்குள் கோரை அதைச் சுற்றி வளைத்துவிடும். ஒருமுறை மூடி நிழல் விழுந்துவிட்டால் கோரையைப் புல்லே பார்த்துக்கொள்ளும், அதுவரை நாம்தான் பார்க்க வேண்டும்.

மூன்று வரிசை கம்பு நேப்பியருக்கு ஒரு வரிசை வேலிமசால் போட்டோம். புல்லை மட்டும் தின்றால் புரதம் போதாது. நேப்பியரில் ஆக்சாலிக் அமிலம் உண்டு, அது மாட்டின் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். பயறுவகைத் தீவனம் சேரும்போது இரண்டுக்கும் ஈடாகிறது. வேலிமசால் விதை கல்போல இருக்கும், அப்படியே போட்டால் மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடக்கும். கொதித்து இறக்கிய தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு, 80 டிகிரிச் சூட்டில் ஐந்து நிமிஷம் போட்டு எடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தோம். மறுநாள் விதை உப்பித் தோல் பளபளவென்று இருந்தது. "வெந்து பூட்ச்சுன்னு நெனச்சேன்க்கா" என்றார் தம்பி. நாலைந்து நாளில் வரிசை பிடித்து முளைத்தது.

முதல் அறுவடை 75 நாளைக்கு முன்னால் கூடாது. அதற்குள்ளேயே ஆள் உயரம் வந்துவிட்ட புல்லைப் பார்த்துக்கொண்டு, மயிலாப்பூரில் மாடு பசியோடு கத்துவதையும் கேட்டுக்கொண்டு பொறுத்திருப்பது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. வேருக்குள் சேமிப்பு சேராமல் அறுத்தால் மறுதளிர் மெலிந்துவிடும். காங்கேயத்துப் பெரியவர் கதவைத் திறக்காமல் இருந்ததைச் சொன்னேன். புரட்டாசி முடிவில் தரையை ஒட்டி அறுத்தார்கள். பிறகு 45 நாளைக்கு ஒரு முறை. நிலத்தை ஆறேழு துண்டாகப் பிரித்துக்கொண்டு முறைவைத்து அறுத்தால் தினமும் புல் உண்டு. டெம்போவில் ஏற்றி ஓ.எம்.ஆர். வழியாக விடிவதற்குள் மயிலாப்பூருக்குக் கொண்டுவருகிறார். வந்ததும் நறுக்கி, வைக்கோலோடு கலந்துதான் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவர் மாடுகள் இப்போது சந்தை விட்டு வெளியே போவதில்லை. போகவிடாமல் கட்டியதால் மட்டும் இல்லை. தொட்டியில் புல் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெக்டேருக்கு 380 டன் என்றால் ஒரு சென்ட்டுக்கு ஆண்டுக்கு ஒன்றரை டன், நாளுக்கு நாலு கிலோ. ஆராய்ச்சி நிலையத்து விளைச்சல் நம் கையில் வராது. மூன்றில் இரண்டு பங்கு வந்தால்கூடப் பத்து சென்ட்டில் ஒரு கறவை மாட்டுக்கு ஆண்டு முழுக்கப் பசுந்தீவனம். ஆயிரம் மாட்டுக்கு நூறு ஏக்கர். இந்த மாநகரத்தின் விளிம்பில் அரசின் கையில் அந்த நிலம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நெசப்பாக்கத்திலும் பெருங்குடியிலும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் இருக்கின்றன. முறையாகச் சுத்திகரித்து, உலோகமும் கிருமியும் சோதித்த தண்ணீரைப் புல்லுக்குப் பாய்ச்சலாம். கொடுங்கையூரில் அன்று தெரியாமல் செய்ததை இன்று தெரிந்து, சரியாகச் செய்ய முடியும். மாடு வைத்திருப்பவர்களைச் சங்கமாகச் சேர்த்து, ஆளுக்குப் பத்து சென்ட் குத்தகைக்கு விடட்டும். அதன் பிறகும் தெருவில் விடுகிறவரிடம் எவ்வளவு அபராதம் வேண்டுமானாலும் வாங்கட்டும், நானே முன்னால் நின்று ஆதரிப்பேன்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அமாவாசைக்கு ஒரு கட்டு அகத்தி கொடுங்கள், ஒரு கட்டு போதும். பழமும் சோறும் வேண்டாம். மிச்சம் வைத்த பணத்தை உங்களுக்குப் பால் ஊற்றுகிறவரிடம் கரணை வாங்கக் கொடுங்கள். ஊரில் நிலம் சும்மா கிடந்தால் அதில் பத்து சென்ட்டை அவருக்கு விடுங்கள். கரணைக்கு அலைய வேண்டாம், காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். ஆடி பிறப்பதற்குள் நிலத்தை உழுது, எருவைக் கொட்டி வைத்திருங்கள்.